மேல் வாளி மட்டும் கிடையாது

ஜவுளிக்கடை முதலாளி அனுப்பியிருந்த பதில் நோட்டீஸில் உண்மை என்று சொல்லத்தக்கது ஒன்றுதான் இருந்தது. அது தேதி. மற்றதெல்லாம் வக்கீல் எழுதியது.

மேடம் அதை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் பிறருடைய பொய்களைப் படித்துச் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அதனால் ஓர் அறை, இரண்டு நாற்காலி, வாசலில் 'தனியார் துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை. பலகையைப் பார்த்துவிட்டுக் காணாமல் போன பூனையைத் தேடித் தரச்சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம்.

பக்கத்தில் உதவியாளன். அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு, ஆனால் ஊரே அவனை 'வாய்' என்றுதான் கூப்பிட்டது. ஒரு போன் கம்பெனியில் பதினோரு வருஷம் உட்கார்ந்து, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு நாள் கவனக்குறைவாக ஒரு வாடிக்கையாளரின் பிரச்சினையைத் தீர்த்துவைத்துவிட்டான். அன்றோடு வேலை போயிற்று.

எதிரே டீச்சர். காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழி சொல்லிக்கொடுப்பவர். வலது கை முழங்கையிலிருந்து விரல் வரை மாவுக்கட்டில் இருந்தது. விழுந்து மூன்று மாதம் ஆகிறது, இது இரண்டாவது ஆபரேஷனுக்குப் போட்ட கட்டு. கூட வந்திருந்த அண்ணன், தங்கைக்குப் பதிலாகத் தானே கோபப்படுவது என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்.

"கடையில ஆறுதலா ஒரு கூப்பன் அனுப்பினாங்க மேடம். ரெண்டாவது மாடியில மட்டும் செல்லுமாம். இவ விழுந்தது மூணாவது மாடியில!"

"அண்ணா, கொஞ்சம் சும்மா இரேன்," என்றார் டீச்சர். "மேடம், எனக்கு நஷ்ட ஈடு கூட அப்புறம்தான். என் தப்பு இல்லைன்னு நுகர்வோர் ஆணையம் எழுதிக் கொடுக்கணும். 'உங்க அஜாக்கிரதையால விழுந்திருந்தா கை சரியாகற வரைக்கும் காத்திருக்க முடியாது'ன்னு பள்ளிக்கூடத்துல லெட்டர் கொடுத்துட்டாங்க. திங்கட்கிழமை வேற ஆள் எடுத்துடுவாங்க."

"இப்ப கிளாஸ் எடுக்கறீங்களா?"

"இடது கையால எடுக்கறேன். பிள்ளைங்க சிரிக்குதுங்க. 'மிஸ், நீங்க திக்குறீங்க'ன்னு சைகை காட்டுதுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மேடம் நோட்டீஸை உரக்கப் படித்தார். "'தரை அப்போதுதான் துடைக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கைப் பலகை வைக்கப்பட்டிருந்தது. புகார்தாரர் தன் மாணவியுடன் கைகளை ஆட்டிப் பேசிக்கொண்டே நடந்ததால் பலகையைக் கவனிக்கவில்லை. விபத்துக்கு அவரே முழுப் பொறுப்பு.' கீழே மேனேஜர் கையெழுத்து. பச்சை மை. ஒரு போட்டோவும் வச்சிருக்காங்க."

போட்டோவில் ஈரத் தரை மின்னியது. நடுவில் மஞ்சள் பலகை. 'கவனம்! ஈரத் தரை' என்று ஓர் எழுத்தும் மறையாமல் தெரிந்தது.

"நான் விழறப்போ பலகையே இல்ல மேடம். அஞ்சு நிமிஷம் கழிச்சு மேனேஜர் கொண்டு வந்து வச்சாரு. அப்புறம், தரையைத் துடைக்கவும் இல்ல. விழறதுக்கு முன்னாடி என் பின்கழுத்துல ஜில்லுன்னு ஒரு சொட்டு பட்டுச்சு. சொன்னா யாரும் நம்பல."

"நான் நம்பறேன்," என்றார் மேடம். "தரையைத் துடைக்கறவங்க யாரும் பின்கழுத்தைத் துடைக்க மாட்டாங்க. இன்னிக்கு மூணு மணிக்கு ஆணையத்துலேர்ந்து ஆய்வாளர் கடைக்கு வர்றாரு இல்ல? நீங்களும் வந்துடுங்க. நாங்க கொஞ்சம் முன்னாடி போறோம்."

"ஷாப்பிங்கா?" என்றான் வாய்.

"உனக்கு ஒரு சட்டை வாங்கணும்."

"பத்து மாசமா நான் கேட்டுட்டிருக்கேன். ஒருத்தர் கை உடைஞ்சாத்தான் கிடைக்குது."

*

கடையின் மூன்றாவது மாடி முழுக்கச் சட்டை. சுவரெல்லாம் கண்ணாடி. 'வாடிக்கையாளரே எங்கள் முதலாளி' என்ற வாசகம் நான்கு இடத்தில் இருந்தது. உண்மையான முதலாளியின் படம் ஐந்து இடத்தில் இருந்தது.

மேடம் முதலில் அந்த மஞ்சள் பலகையைத் தேடினார். தூணுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார்கள். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை.

"ஒரு பக்கம்தான் எழுத்து. போட்டோவுல அது எந்தப் பக்கம் பார்த்துட்டு இருந்துச்சு?"

வாய் போட்டோவைப் பிடித்துக்கொண்டு சுற்றினான். "சுவர்ல இருக்கற கேமராவைப் பார்த்து. படி இந்தப் பக்கம், லிஃப்ட்டும் இந்தப் பக்கம். ஏறி வர்ற ஜனத்துக்குப் பலகையோட முதுகுதான் தெரியும்."

"வர்றவங்க படிக்க வச்ச பலகை இல்ல. கோர்ட் படிக்க வச்சது."

"அப்ப கேஸ் முடிஞ்சுதா? சட்டை கேன்சலா?"

"அவங்க பொய் சொல்றாங்கன்னு காட்டலாம். தண்ணி எப்படி வந்துச்சுன்னு காட்ட முடியாது. அதைக் கண்டுபிடி."

கண்டுபிடிக்க வேண்டிய பொருள் கண்ணெதிரே ஆள் உயரத்துக்கு நின்றது. பிளாஸ்டிக் வாளிகள். கோபுரம்போல் அடுக்கி, பக்கத்தில் ஓர் அட்டை வைத்திருந்தார்கள். 'எந்தச் சட்டை வாங்கினாலும் வாளி இலவசம்!' கையால் எழுதிய அட்டை, அதுவும் பச்சை மையில்.

மேடம் அந்தக் கோபுரத்தை இரண்டு முறை சுற்றிவந்தார். எல்லா வாளியும் கவிழ்த்து அடுக்கப்பட்டிருந்தது. உச்சியில் இருந்த ஒன்று மட்டும் திறந்த பக்கம் மேலே பார்க்க நிமிர்ந்து நின்றது.

"ஒரு சட்டை வாங்கி, மேல் வாளியைக் கேளு," என்றார் மெதுவாக.

வாய் கிடைத்த வாய்ப்பை விடவில்லை. கடையிலேயே கண்ணைப் பறிக்கும் மஞ்சள் சட்டையை எடுத்துக்கொண்டு விற்பனைப் பெண்ணிடம் போனான். நாற்பது வயதிருக்கும், நாள் முழுக்க நின்று கால் வீங்கியவர்.

"அக்கா, வாளி?"

"இதோ சார்." அவர் குனிந்து, அடுக்கின் அடி வரிசையில் ஒன்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்.

"எதுக்குக்கா சிரமம்? அந்த உச்சியில இருக்கறதையே கொடுங்க. கை எட்டுற தூரம்தானே."

"அது டிஸ்ப்ளே சார். மேல் வாளி மட்டும் கிடையாது."

"அடியிலேர்ந்து உருவினா மொத்தமும் சரிஞ்சிடுமே?"

"பரவால்ல சார், நான் மறுபடியும் அடுக்கிக்கறேன்."

ஒரு வாளியைக் காப்பாற்ற இருபது வாளியைச் சரித்து அடுக்கத் தயாராக இருக்கும் ஊழியரை எந்தக் கடையிலும் பார்க்க முடியாது. மேடம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, உச்சி வாளிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு சாண் தண்ணீர். அடியில், சொட்டு விழும் சத்தம் கேட்காதபடி மடித்துப் போட்ட துண்டு. மேலே கூரையில் ஏ.சி. காற்று வரும் சதுரத் திறப்பு. அதன் ஓரத்தில் அடுத்த சொட்டு திரண்டு நின்றது.

விற்பனைப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மேடம், இறங்கிடுங்க, யாராவது பார்த்துடப் போறாங்க."

"எவ்வளவு நாளா ஒழுகுது?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "டீச்சரம்மா விழறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியிலேர்ந்து. முதல்ல தரையில ஒரு வாளி வச்சோம். கடை மானம் போகுதுன்னு முதலாளி எடுக்கச் சொல்லிட்டாரு. ரிப்பேர் பண்ணலாம்னா, சீசன் முடியட்டும்னாரு. அப்புறம் மேனேஜர் யோசிச்சு இந்த ஆஃபரைப் போட்டாரு."

"அடேங்கப்பா," என்றான் வாய். "வாளி வச்சா அவமானம், இலவச வாளி வச்சா வியாபாரம்!"

"அப்ப அன்னிக்கு மட்டும் தண்ணி எப்படித் தரைக்கு வந்துச்சு?" என்று கேட்டார் மேடம்.

"ஒருத்தர் நீல வாளிதான் வேணும்னு நின்னாரு. நீலம் உச்சியில மட்டும்தான் இருந்துச்சு. இல்லைன்னதும், 'விளம்பரம் பண்ணிட்டு ஏமாத்தறீங்களா, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன்'னு கத்தினாரு. கேஷியர் பயந்துபோய் அதை இறக்கி, தண்ணியை பாத்ரூம்ல கொட்டிட்டுக் கொடுத்துட்டாரு. இறக்கின அவசரத்துல அடுக்கு மொத்தமும் சரிஞ்சிடுச்சு. மறுபடியும் அடுக்கறதுக்குள்ள தரையில சொட்டி ஈரமாயிடுச்சு, டீச்சரம்மாவும் வந்துட்டாங்க."

"ஆக, ஒருத்தர் தன் உரிமையை விட்டுக்கொடுக்காம வாங்கிட்டுப் போனதுல, இன்னொருத்தர் கை போச்சு," என்றான் வாய்.

"இதை ஆய்வாளர்கிட்ட சொல்வீங்களா?" என்றார் மேடம்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். நான் ஒண்ணும் சொல்லல, நீங்க ஒண்ணும் கேக்கல. எனக்கும் வீடு வாசல் இருக்கு."

அவர்மேல் மேடத்துக்குக் கோபம் வரவில்லை. பொய் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்களையும், பேசாமல் இருந்து சம்பளம் வாங்குகிறவர்களையும் பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரியும்.

*

மூன்று மணிக்கு ஆய்வாளர் வந்தார். ஒல்லியான, சந்தேகப் பார்வை கொண்ட மனிதர். ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் தவிர எதையும் நம்பாதவர்போல் இருந்தார். முதலாளி அவரைத் தன் ஐந்து படங்களிலும் இருக்கும் அதே சிரிப்போடு வரவேற்றார். பக்கத்தில் கடையின் வக்கீல். இரண்டடி தள்ளி மேனேஜர், சட்டைப் பையில் பச்சைப் பேனா, நெற்றியில் வியர்வை. அந்தப் பக்கம் டீச்சரும் அண்ணனும்.

மேடம் பலகையின் பின்பக்கத்தைக் காட்டினார். ஆய்வாளர் குறித்துக்கொண்டார். பிறகு மேடம் உச்சி வாளியை இறக்கி, கோபுரத்தை ஓரமாக நகர்த்தச் சொன்னார். தண்ணீரும் துண்டும் வெளியே வந்தன.

வக்கீல் அசரவில்லை. காலியான இடத்தில் வந்து நின்று, கையில் ஃபைலை விரித்துப் பிடித்துக்கொண்டு முழங்கினார். "வாளியில் தண்ணீர் இருப்பது குற்றமா? வாளி இருப்பதே அதற்குத்தானே! ஏ.சி. ஒழுகுகிறது என்பது கற்பனை..."

டப் என்று ஒரு சொட்டு ஃபைலில் விழுந்தது.

"கற்பனை ஈரமா இருக்கு சார்," என்றான் வாய்.

வக்கீல் ஃபைலைத் துடைத்துக்கொண்டே ஓரடி நகர்ந்தார். வாதமும் அவரோடு நகர்ந்தது. "சரி, ஒழுகுகிறது என்றே வைத்துக்கொள்வோம். எப்போதிலிருந்து? இன்று காலையிலிருந்து இருக்கலாம். என் கட்சிக்காரருக்குத் தெரிந்திருந்தால்தானே அலட்சியம் என்று சொல்ல முடியும்? ஊழியர் யாராவது சொன்னார்களா? வாடிக்கையாளர் யாராவது சொன்னார்களா?"

ஆய்வாளர் விற்பனைப் பெண்ணைப் பார்த்தார். அவர் தன் கால் விரலைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். அவர் முதலாளியைப் பார்த்தார்.

"என் கடையில இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்ல சார்," என்றார் முதலாளி நெஞ்சை நிமிர்த்தி.

டீச்சர் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் திங்கட்கிழமை இருந்தது. மேடம் அந்தப் போட்டோவை மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

அந்த நேரத்தில் வாயைக் காணோம். கேஷ் கவுண்ட்டர் பக்கம் 'உங்கள் குரல்' என்று எழுதியிருந்த ஒரு மரப்பெட்டியோடு அவன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கையில் ஒரு கருத்துச் சீட்டு.

"அங்க என்னடா பண்றே?"

"சட்டை அக்குள்ல பிடிக்குது மேடம். புகார் எழுதிப் போடறேன், உள்ள போக மாட்டேங்குது. பெட்டி முழுங்க மாட்டேங்குது."

மேடம் நின்ற இடத்திலேயே ஒரு கணம் கண்ணை மூடினார். புகாரே வராத கடை, புகார்ச் சீட்டு நுழைய இடமில்லாத பெட்டி. அவர் நேராக முதலாளியிடம் வந்தார்.

"அந்தப் பெட்டியை யார் திறப்பாங்க சார்?"

"மேனேஜர். வாரா வாரம் திறந்து படிச்சு எனக்குச் சொல்வாரு."

மேனேஜர் தலை நிமிர்ந்தார். "நானா? சாவி உங்ககிட்ட இல்ல இருக்கு? மீட்டிங்ல ஒவ்வொரு தடவையும் 'பெட்டியை நானே படிக்கிறேன்'னு சொல்வீங்களே சார்!"

"நான் சொன்னேன். சொன்னா நீ படிப்பேன்னு நினைச்சேன்."

வாய் பெட்டியின் பின்னால் கையை விட்டுத் துழாவினான். ஒட்டு நாடாவைப் பிய்க்கும் சத்தம் கேட்டது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை, அதற்குள் இரண்டு சாவிகள். கடையில் வாங்கியபோது இருந்த உறை, இன்னும் பிரிக்கப்படவில்லை.

"உங்கள் குரல் எங்களுக்கு மிகவும் முக்கியம்," என்றான் பழைய தொழில்முறைக் குரலில். "தயவுசெய்து காத்திருக்கவும்."

"திறக்கக் கூடாது! இது என் கட்சிக்காரரின் தனிப்பட்ட..." என்று ஆரம்பித்தார் வக்கீல்.

"வாடிக்கையாளருக்குன்னு வச்ச பெட்டியில தனிப்பட்டது என்ன இருக்கு?" என்றார் ஆய்வாளர். "ஒரு புகாரும் இல்லைன்னு உங்க கட்சிக்காரரே சொல்றாரு. அப்புறம் என்ன பயம்? திறங்க."

கதவைத் திறந்ததும் சீட்டுகள் காலடியில் கொட்டின. சட்டைப் பொத்தான் பற்றி, கழிவறைத் தாழ்ப்பாள் பற்றி, முதலாளியின் படங்கள் பற்றி ஒன்று. நடுநடுவே ஒரே கையெழுத்தில் சில சீட்டுகள். ஆய்வாளர் அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தார். எட்டு. வாரம் ஒன்றாகத் தேதி போட்டிருந்தது. முதல் தேதி, டீச்சர் விழுவதற்கு இரண்டு மாதம் முந்தையது.

"'மூன்றாம் மாடி சட்டைப் பிரிவில் ஏ.சி. ஒழுகுகிறது. யாராவது வழுக்கி விழுவார்கள். உடனே சரிசெய்யவும். இப்படிக்கு, ஒரு வாடிக்கையாளர்.' எட்டுலயும் இதே வரிதான்."

"திறக்காத பெட்டி!" என்றார் வக்கீல் அவசரமாக. "படிக்காத சீட்டு எப்படி என் கட்சிக்காரருக்குத் தெரிந்ததாகும்?"

மேடம் வாயின் கையிலிருந்த சீட்டை வாங்கி, அடியில் அச்சிட்டிருந்த வரியை நிதானமாகப் படித்தார். "'இச்சீட்டில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு சொல்லும் 48 மணி நேரத்தில் உரிமையாளரின் நேரடிப் பார்வைக்கு வரும். இது எங்கள் உறுதிமொழி.' வக்கீல் சார், நீங்களே சொல்லுங்க. படிச்சிட்டுச் சும்மா இருந்தார்னா அலட்சியம். படிக்காமலே படிப்பேன்னு அச்சடிச்சார்னா வாடிக்கையாளரை ஏமாத்தின முறையற்ற வணிகம். எது வேணும்? உங்க வாளி மாதிரி ரெண்டுமே இலவசம்தான்."

வக்கீல் ஃபைலை மூடினார். முதலாளியின் சிரிப்பு இப்போது படங்களில் மட்டும்தான் இருந்தது.

"யாருய்யா அந்த வாடிக்கையாளர்?" என்று கத்தினார் முதலாளி.

மேடம் ஆய்வாளர் கையிலிருந்த சீட்டுகளைக் காட்டினார். எட்டுச் சீட்டும் பச்சை மையில் இருந்தன. பதில் நோட்டீஸின் கையெழுத்தும் பச்சை. வாளி அட்டையும் பச்சை. எல்லாருடைய கண்ணும் ஒரே சட்டைப் பைக்குப் போயிற்று. மேனேஜர் அந்தப் பேனாவைக் கையால் மறைத்தார். மறைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"மூணு தடவை நேர்ல சொன்னேன் சார். 'நீ சொன்னா நான் கேக்கணுமா? வாடிக்கையாளர் சொன்னா கேக்கறேன்'னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அதனால வாடிக்கையாளர் ஆயிட்டேன்."

"அப்ப அந்தப் பலகை, அந்த போட்டோ, இந்த நோட்டீஸ்?" என்றார் டீச்சரின் அண்ணன்.

"நான்தான் வச்சேன். நான்தான் கையெழுத்துப் போட்டேன். பலகையை வைக்கறியா, வீட்டுக்குப் போறியான்னு முதலாளி கேட்டாரு." அவரால் டீச்சரின் கட்டுப் போட்ட கையைப் பார்க்க முடியவில்லை.

"மேடம், இன்னும் ஒண்ணு இருக்கு," என்றான் வாய். "என் சீட்டை உள்ள விடாம மறிச்சது இதுதான்."

பெட்டியின் வாயில் ஒரு சீட்டு பாதி உள்ளும் பாதி வெளியுமாகச் சிக்கியிருந்தது. கடைசியாக யாரோ ஸ்கேலால் குத்தித் திணித்தது. டீச்சர்தான் பக்கத்தில் நின்றார். இடது கையால் அதை மெல்ல உருவிப் பிரித்தார். பச்சை எழுத்து. தேதி, அவர் விழுந்த நாள்.

படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு ஆய்வாளரிடம் நீட்டினார்.

"'இன்று ஒரு பெண் வழுக்கி விழுந்துவிட்டார்,'" என்று வாசித்தார் ஆய்வாளர். "'அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. இப்படிக்கு, ஒரு வாடிக்கையாளர்.'"

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆய்வாளர் ஒன்பது சீட்டுகளையும் உறையில் போட்டு, மேலே எண்ணிக்கை எழுதிக் கையெழுத்திட்டார். "இந்த வரியை என் அறிக்கையோட முதல் பக்கத்துல போடறேன்மா. நகலை இன்னிக்கே நீங்க பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம்."

மேனேஜர் டீச்சருக்கு முன்னால் வந்து நின்றார். "அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. எழுதிப் போட்டதோட என் கடமை முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டிருந்தேன்."

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை.

"சார், எங்கிட்ட பதினாறு பிள்ளைங்க இருக்காங்க. யாருக்கும் காது கேக்காது, யாருக்கும் பேச்சு வராது. கிளாஸ்ல ஒரு சொட்டு ஒழுகினா, பதினாறு பேரும் ஓடி வந்து என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டுவாங்க. உங்களுக்கு வாய் இருந்துச்சு சார்."